கூரையில் ஒரு முனகல்

"அந்த மெஷினை இப்பவே நிறுத்து யார்க்கோ. இல்லேன்னா திங்கட்கிழமை நகராட்சி சுகாதார அதிகாரியோட வந்து நிப்பேன்!"

சனிக்கிழமை காலை, கையில் சூப் கரண்டியோடு யார்க்கோ வீட்டு வாசலில் நின்றாள் ஹில்க்கா. குறை என்றால் லிஃப்டுக்குள் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போவதுதான் எங்கள் கட்டடத்து மரியாதை. நேரில் வந்து கதவைத் தட்டியதிலேயே யார்க்கோவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பாவம், அவன்தான் குடியிருப்போர் சங்கத் தலைவன். கூரையில் அந்த ஹீட் பம்பை வைப்பதற்காக வீடு வீடாக ஏறி இறங்கிக் கெஞ்சியவன். எல்லாக் குளியலறைகளிலிருந்தும் வெளியே போகிற வெதுவெதுப்பான காற்றைப் பிடித்து, அதிலுள்ள சூட்டைக் கறந்து, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கே திருப்பி அனுப்பும் மெஷின் அது.

இலையுதிர் காலம் முழுக்கப் பூனைக்குட்டி மாதிரிதான் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மைனஸ் இருபத்தாறுக்குக் குளிர் இறங்கியதும் முழு மூச்சில் ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து காற்றுக்குழாய் வழியாக இரவும் பகலும் 'ம்ம்ம்' என்று ஒரே முனகல்; குழாயில் வேறு சத்தமே கேட்காது.

அதிகாரி வந்து "சத்தம் அதிகம்" என்று சொல்லிவிட்டால் பம்ப் நின்றுவிடும். அப்புறம் அடுத்த கூட்டத்தில் யார்க்கோவைத்தான் ரேடியேட்டரில் கட்டிவைப்பார்கள். சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினான்.

ஹில்க்கா தன் வீட்டுக் கதவைச் சாத்தவில்லை. எதிர்வீடு என்னுடையது; என் கதவில் கடிதம் போடும் துளை பின்னே எதற்கு இருக்கிறது?

"முதல்ல உக்காருங்க ஹில்க்காம்மா. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் பேசலாம்."

"காபி ஒண்ணுதான் குறைச்சல் எனக்கு!"

மேஜைமேல் காபி ஆறிக் கிடந்தது. ஏலக்காய் பன்னை ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. ஃபின்லாந்தில் ஒரு மனுஷி காபியைத் தொடவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்குப் போன் போடலாம். இவளோ சமையலறைக்கும் குளியலறைக்கும் கூண்டுப் புலி மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

யார்க்கோ மீட்டரை நீட்டினான். "நீங்களே பாருங்க. சட்டம் சொல்ற அளவைவிடக் கம்மிதான்."

"இந்த வீட்டுல உன் மீட்டரா குடியிருக்கு? நான்தானே குடியிருக்கேன்!"

"போன வருஷம் மேல் வீட்டுத் தைஸ்தோ இருமுறான்னு லிஃப்ட் பூரா சீட்டு ஒட்டினீங்க. இருமினாலும் தப்பு, முனகினாலும் தப்பு. எந்தச் சத்தம்தான் உங்களுக்குப் பிடிக்கும்?"

"அவன் பேரை என் வீட்டுல எடுக்காதே!" கரண்டி அவன் மூக்கருகே வந்து நின்றது.

அந்தப் பகை, யூரோ வருவதற்கு முன்னால் மார்க்கா நோட்டு புழங்கிய காலத்துப் பகை. அடித்தளத்து சௌனாவில் வெள்ளிக்கிழமை ஆறு மணி நீராவிக் குளியல் முறை அப்போது ஹில்க்காவுடையது. அவள் அக்காவைப் பார்க்க ஊருக்குப் போன நேரம் பார்த்துத் தைஸ்தோ அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒருவர் படியிறங்கும் சத்தம் கேட்டால், அவர் போகும்வரை மற்றவர் கதவைத் திறப்பதில்லை. அவன் இருமினால் இவள் கரண்டியால் குழாயைத் தட்டுவாள். இவள் தட்டினால் அவன் வேண்டுமென்றே இன்னும் நாலு இருமல் சேர்த்து இருமுவான்.

நேற்று அந்த ஆறு மணி முறைக்கு ஆளே வராமல் சௌனா காலியாகக் கிடந்தது. அதிலாவது இவளுக்கு மனசு குளிர்ந்திருக்கலாம். எங்கே!

"அஞ்சு நிமிஷம் நிறுத்து தம்பி." திடீரென்று அவள் குரல் இறங்கிவிட்டது. "அஞ்சே நிமிஷம். அப்புறம் அதிகாரியும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்."

"இந்தக் குளிர்ல நிறுத்தி, மறுபடி கிளம்ப மக்கர் பண்ணினா? கீழ் வீட்டுல பச்சைக் குழந்தை இருக்கும்மா."

"பண்ணாது. நிறுத்து."

யார்க்கோ மனசுக்குள் சாமியைக் கும்பிட்டபடி போனில் எதையோ அழுத்தினான். கூரையில் முனகல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

ஹில்க்கா குளியலறையில் முக்காலியைப் போட்டு ஏறி, காற்றுத் துளையில் காதை வைத்தாள்.

"பார்த்தீங்களா, சுத்தமா நின்னு..."

"உஷ்! மூச்சு விடாதே."

யார்க்கோ ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி ரேடியேட்டரைத் தொட்டான். ஹில்க்கா கரண்டியை ஓங்கிக் குழாயில் ஒரு தட்டுத் தட்டினாள். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினாள்.

"ஹில்க்காம்மா, போதும், நான் போட்டுடறேன்..."

"இரு!" மூன்றாவது தட்டில் சுவர்க் காரையே உதிர்ந்தது.

மேலேயிருந்து கரகரவென்று ஓர் இருமல் இறங்கி வந்தது. பிறகு, வேண்டுமென்றே சேர்த்ததுபோல் இன்னும் நாலு.

ஆரம்பிச்சிட்டாங்கடா என்று யார்க்கோ கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் ஹில்க்கா முக்காலியிலிருந்து மெல்ல இறங்கினாள். கரண்டியை வைத்துவிட்டு மேஜை முன் உட்கார்ந்து, ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள்.

"உயிரோடதான் இருக்கான் பாவி! நீ மெஷினைப் போட்டுக்கோ தம்பி."