பவளப்பாறைப் படத்தின் கடைசி நாள்

தலைமையாசிரியர் இலாலியோ ஒரு பெரிய பூட்டை மேசைமேல் டொக்கென்று வைத்தார். “கண்ணால பாக்காத ஆளுங்களோட கம்ப்யூட்டர்ல என்ன படிப்புன்னு அன்னிக்கே கேட்டேன். எடுத்து அலமாரில வைங்க டீச்சர், பூட்டிடலாம்.”

“எல்லாம் போச்சு சார். நேத்து ராத்திரியோட கெடு முடிஞ்சுது” என்று செஃபினா டீச்சர் மூக்கை உறிஞ்சினாள்.

“அழாதீங்க டீச்சர், கண் மை கரையுது” என்றாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி.

ஆறு மாதமாக, ஆப்பியா என்கிற இந்தத் தீவு ஊரில் செஃபினாவின் வகுப்புப் பிள்ளைகளும், பிளேன் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிற பக்கத்துத் தீவு ஊரான பாங்கோ பாங்கோவில் ரூதா டீச்சரின் பிள்ளைகளும் இணையத்தில் கூடிப் படித்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, பவளப்பாறை பற்றி ஒரு படமும் எடுத்தார்கள். அதை ஒழுங்காக ஒரு குறும்படப் போட்டிக்கு அனுப்பிக் காட்டினால் இணைய வகுப்பு தொடரும், இல்லாவிட்டால் பூட்டு. இது இலாலியோ போட்ட நிபந்தனை.

இரண்டு பள்ளிகளில் எது அனுப்பினாலும் சரி. அனுப்புகிற ஊரின் கடிகாரப்படி ஞாயிறு நள்ளிரவுக்குள் போய்ச் சேர வேண்டும். படத்தின் கடைசிப் பகுதி மட்டும் செஃபினாவிடம் இருந்தது.

சனிக்கிழமை அடித்த காற்றில் ஆப்பியாவின் இணைய டவர் சாய்ந்தது. சர்ச்சும் விருந்துமாகப் போகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எவன் ஏணி ஏறுவான்? திங்கட்கிழமையான இன்று, மதியத்துக்குச் சற்று முன்தான் வந்து நிமிர்த்தினார்கள்.

நிமிர்த்திய சூட்டோடு கம்ப்யூட்டர் மணியடித்தது. திரையில் ரூதா, வெள்ளை உடுப்பும் பெரிய வெள்ளைத் தொப்பியுமாக ஜொலித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ சுட்ட பன்றியைத் தட்டோடு தூக்கிப் போனார்கள்.

செஃபினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இங்கே இழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கோம், உனக்கு விருந்து கேக்குதா?”

“ஏண்டி கத்தறே? நெட் வந்துடுச்சுல்ல, கடைசிப் பகுதியை அனுப்பு. அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்.”

“அனுப்பினா? மாலை போட்டு மாட்டி வைப்பியா? நேத்தே எல்லாம் முடிஞ்சுதுடி!”

ரூதா தொப்பியைக் கழற்றினாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. “போன வருஷம் என் பொறந்த நாள் அன்னிக்கு கேக்கோட பிளேன் ஏறி வந்தியே. இங்கே எறங்கினதும் என்ன ஆச்சு?”

செஃபினா யோசித்தாள். “மறுநாள்தான் பொறந்த நாள்னு சொல்லி எல்லாரும் சிரிச்சீங்க...”

மூக்கு உறிஞ்சுவது சட்டென்று நின்றது. இலாலியோவின் கை தானாகப் பூட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டது.

“நம்ம ரெண்டு ஊருக்கும் நடுக்கடல்ல ஓடுற தேதிக் கோடு இன்னும் அங்கேயேதான் இருக்கு. சீக்கிரம் அனுப்புடி” என்றாள் ரூதா. “இங்கே இன்னும் நேத்துதான்!”