ரெண்டு கையும்

“கை வழுக்கிடுச்சுமா,” என்றார் ஹேமநாதன்.

பிரேமலா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டு கையுமாண்ணே?”

“ரெண்டு கையும்தான். வியர்வை.”

பத்து பாகாட் நகரில் ட்ரோன் பழுது பார்க்கும் அந்தக் கடையில் பிரேமலாவுக்கு இது ஆறாவது வருடம். காற்று தள்ளிவிட்டது, பேட்டரி ஏமாற்றிவிட்டது, மாமியார் கண் பட்டுவிட்டது என்று எத்தனையோ கேட்டிருக்கிறாள். இவ்வளவு சோம்பேறித்தனமான பொய்யை இன்றுதான் கேட்கிறாள்.

மேசைமேல் பிஸ்கட் டின். அதற்குள் நான்கு துண்டாக ட்ரோன். ரெங்கம் பக்கத்துப் பெருமாள் கோயிலுக்குச் சொந்தமானது. கோயில் தலைவர் வீரமுத்துவும் கூடவே வந்திருந்தார், கோபத்தோடு.

“பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற கும்பாபிஷேகம்மா. கலசத்துல தண்ணி ஊத்துற நேரம் பாத்து, இவரு கோயிலுக்குப் பின்னால இருக்கிற செம்பனைத் தோட்டத்துல கொண்டுபோய் ட்ரோனைப் போடுறாரு. கார்டும் நசுங்கிடுச்சாம். வீடியோவே இல்ல. ஜனங்க என்னைப் புடிச்சுத் திட்டுறாங்க லா!”

“மிஷின் கோளாறுன்னா கம்பெனியே சும்மா மாத்திக் கொடுத்துடும் தலைவரே. ஓட்டினவர் தப்புன்னா காசு கட்டணும். இருங்க, பாத்துடலாம்.”

ட்ரோன் எப்படிப் பறந்தது என்பதெல்லாம் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். பிரேமலா அதைக் கணினியில் திறந்தாள். பேட்டரி பாதிக்குமேல் இருந்தது. காற்று இல்லை. நான்கு மோட்டாரும் ஒழுங்கு. பிறகு திடீரென்று ரிமோட்டின் இரண்டு குச்சிகளும் ஒரே நேரத்தில் கீழே, உள்பக்கமாக இழுக்கப்பட்டிருந்தன. வானத்தில் வைத்து மோட்டாரை நிறுத்த வேண்டுமானால் அப்படித்தான் செய்ய வேண்டும். கை தவறி யாரும் செய்துவிடக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

“அண்ணே, இது வழுக்கினது இல்ல. நீங்களே மோட்டாரை நிறுத்தியிருக்கீங்க.”

“அப்படியா காட்டுது?” என்றார் ஹேமநாதன்.

“கேட்டுக்கோங்க!” வீரமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “காசை இவரே கட்டட்டும். ஆமா, புது ட்ரோனுக்குப் பதிவும் புதுசாத்தானே பண்ணணும்?”

“ஆமா, ட்ரோன் நம்பர் மாறுதே. பழைய பதிவை ரத்து பண்ணிட்டுப் புதுசா எடுக்கணும். ஓட்டுறவர் பேரு?”

“இவரு பேரை எடுத்துடுங்க. என் தங்கச்சி மகன் ஜீவன் பேரைப் போடுங்க. இனிமே கோயில் படத்தை இவரு எடுக்க வேணாம்.”

பதினெட்டு வருடமாக அந்தக் கோயில் விழாவை ஒரு காசு வாங்காமல் படம் எடுத்தவர் ஹேமநாதன். முகம் வாடிப்போனது. “போடுங்கமா,” என்றார். தப்பு செய்தவன் வேறு என்ன பேசுவான் என்று நினைத்துக்கொண்டாள் பிரேமலா.

“நல்லவேளை, பெருமாள் எங்களைக் கைவிடல,” வீரமுத்துவின் குரல் இறங்கியது. “கலசத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். இது விழுந்த சத்தம் கேட்டு நிமிந்தா, கருடன்மா! கோபுரத்தை மூணு சுத்து! ஊரே ‘கோவிந்தா’ன்னு அழுதுடுச்சு. ஆப்பரேஷனே வேணாம்னு அடம்புடிச்ச நம்ம கிருஷ்ணம்மாகூட, கருடனையே பாத்துட்டேன், இனி என்ன பயம்னு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துட்டா. நான் நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன்ல, வராம இருக்குமா?”

போன் அடித்தது. விரதத்தைப் பற்றி அதிலும் பேசியபடியே வெளியே போனார்.

பிரேமலா உடைந்த ட்ரோனுக்குள் சிக்கியிருந்த கார்டை இடுக்கியால் எடுத்தாள். நசுங்கவும் இல்லை, ஒன்றும் இல்லை.

“அதைப் பாக்க வேணாமே,” என்றார் ஹேமநாதன் அவசரமாக.

அடுத்த பொய்யும் மாட்டிக்கொண்டது என்று நினைத்தபடி கணினியில் செருகினாள்.

கோபுரம். கலசம். குடத்தைச் சாய்க்கும் அர்ச்சகர். திரையின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு புள்ளி. அது பெரிதானது, இறக்கை விரித்தது, கால் நகங்களை நீட்டிக்கொண்டு நேராக ட்ரோன் மேலேயே பாய்ந்தது. திரை முழுக்க வெள்ளைக் கழுத்து. இன்னும் ஒரு முழம் வந்திருந்தால் சுழலும் விசிறியில் சிக்கிச் செத்திருக்கும்.

அந்த நொடியில் மோட்டார் நின்று படம் தலைகீழானது. வானம், செம்பனை மட்டை, மறுபடி வானம். அதில் கருடன் ஓர் இறகும் உதிராமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

பிரேமலாவுக்கு வெட்கமாக இருந்தது. “இதைச் சொல்லியிருந்தா உங்களைத் தலையில தூக்கி வச்சிருப்பாங்களேண்ணே! இருங்க, தலைவரைக் கூப்பிடுறேன்.”

ஹேமநாதன் கையால் திரையை மறைத்தார்.

“வேணாம்மா. கருடன் பெருமாளைச் சுத்த வந்துச்சுன்னு ஊரே நம்புது. அந்தத் தைரியத்துலதான் கிருஷ்ணம்மா ஆப்பரேஷனுக்குப் படுத்திருக்கு. அது ட்ரோனை அடிக்க வந்துச்சுன்னு நான் எந்த வாயால சொல்றது?”

கதவு திறந்தது. “என்னம்மா, கார்டுல ஏதாச்சும் இருக்கா? கம்பெனிக்கு விழுந்த காரணம் எழுதியாச்சா?” என்றார் வீரமுத்து.

பிரேமலா வீடியோவை மூடினாள்.

“கார்டு நசுங்கிடுச்சு தலைவரே. இவருக்குக் கை வழுக்கியிருக்கு,” என்றாள். “ரெண்டு கையும். வியர்வை.”