போகாத பச்சை

"இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. தோள்மேல கையைப் போடுங்க சார்."

அவன் கையைத் தூக்கினான். பக்கத்தில் நின்ற பெண் சூடு பட்டதுபோல விலகினாள். அவனும் சட்டென்று கையைக் கீழே போட்டுவிட்டு, ஆளில்லாத பாதையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

படக்காரிக்குக் கூச்சப்படும் தம்பதிகள் புதிதில்லை. ஆனால் இவர்கள் வந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. வேலை நாள், மாலை நாலு மணி; ஏரிக்கரைப் பூங்காவில் ஈ காக்கை இல்லை. இடமும் நேரமும் அவன் சொன்னதுதான்.

"நீங்க மட்டும் வாங்க. கூட ஆம்பளைங்க வேண்டாம்" என்று போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தான்.

அதனால்தான் வழக்கமாக வெளிச்சத்தைத் திருப்பியடிக்க வெள்ளைப் பலகை பிடிக்கிறவனை இன்று விட்டுவிட்டு வந்திருந்தாள். அடுத்த மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். வெளியூர் வேலை முடிந்து போன வாரம்தான் திரும்பியிருந்தான். "அது என்ன கண்டிஷன்?" என்று காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகவாய்க்குக் கீழே பச்சை அடித்தது. வெளியில் படமெடுத்தால் இதுதான் வம்பு. மேலே இலை, கீழே புல். நல்ல மாநிறத்தைக்கூட நோயாளி நிறமாக்கிவிடும்.

"இங்க நின்னா முகம் இயல்பா வராது. அப்படி அந்தப் படகுக் கொட்டகை நிழலுக்கு வந்துடுங்க."

அங்கே சுவர் வெள்ளை, தரை சிமெண்டு. சாம்பல் நிற அட்டையை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "இதை முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க. எது நிஜ நிறம்னு இந்த மக்குக் கேமராவுக்குச் சொல்லிக் கொடுக்கணும்."

அட்டையை வைத்து நிறத்தைச் சரிசெய்துவிட்டு எடுத்தாள். அவன் முகம் அச்சாக வந்திருந்தது. வெயிலில் கறுத்த நெற்றிகூட நேரில் பார்ப்பது போலவே இருந்தது. பெண்ணின் கன்னமும் சரிதான். முகவாய் ஓரத்தில் மட்டும் பச்சை அப்படியே நின்றது.

புல் எங்கோ இருந்தது. பச்சை இங்கே எப்படி வரும்?

லென்ஸை மாற்றி நெருக்கத்தில் ஒன்று எடுத்தாள். திட்டுத் திட்டாகப் பவுடர். அதற்கடியில் மஞ்சளும் பச்சையுமாக, கழுத்தை நோக்கி வரிசையாக நாலு தடம். ஒரு வாரம் ஆன ரத்தக்கட்டு இப்படித்தான் நிறம் மாறும். நாலும் விரல் பருமன்.

படக்காரி கேமராவை இறக்கினாள். பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தாள். அவன் அந்தப் பெண்ணின் காதருகே கிசுகிசுப்பது கேட்டது.

"தனியாத்தான் வந்திருக்கா. இன்னிக்கே முடிச்சிடணும். விட்டா இன்னொரு சமயம் கிடைக்காது."

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அவள்.

படக்காரி நிமிரவில்லை. குனிந்த வாக்கிலேயே போனை எடுத்துக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குச் செய்தி அனுப்பினாள். 'உடனே வா. பயமா இருக்கு. படகுக் கொட்டகை.'

கண நேரத்தில் பதில் வந்தது. 'பக்கத்துலதான் இருக்கேன். வந்துட்டேன்.' பின்னாலேயே வந்திருக்கிறான்! வேறொரு நாளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். இன்று கும்பிடத் தோன்றியது.

"சார், உங்க கார்ல குடை இருந்தா எடுத்துட்டு வாங்களேன். மேல வெளிச்சம் கொஞ்சம் அதிகமா இருக்கு."

அவன் தயங்கினான். பெண்ணை ஒரு பார்வை பார்த்து, "சொல்லிடு" என்று முணுமுணுத்துவிட்டு முன்வாசல் பக்கம் நடந்தான்.

அவன் தலை மறைந்ததும் படக்காரி பாய்ந்து வந்தாள். "நான் பாத்துட்டேங்க. மறைக்காதீங்க. அந்த ஆளுதானே கழுத்தைப் பிடிச்சது?"

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ, அது என் கூடப்பிறந்த அண்ணங்க."

"அண்ணனா? அப்புறம் எதுக்குப் புருஷன் பொண்டாட்டின்னு சொல்லி வரச் சொன்னீங்க?"

"உங்களைத் தனியாப் பாக்க வேற வழி தெரியல. போன்ல சொன்னா நம்பியிருக்க மாட்டீங்க. நேர்ல காட்டணும்னு வந்தேன். வர்ற வழியிலேயே வெட்கமாப் போயிடுச்சு, பவுடரை அப்பிக்கிட்டேன்."

"அப்போ இதைச் செஞ்சது?"

"என் வீட்டுக்காரர்."

"சரி, அதை எதுக்கு என்கிட்ட வந்து..."

படகுத்துறைப் பக்க வாசலில் ஒரு பைக் திரும்பும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. அப்படியே பின்வாங்கிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

பைக்கை நிறுத்தியவன் படக்காரியைப் பார்த்துக் கையசைத்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"பயப்படாதீங்க. நான்தான் வரச் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கப் போறவர்."

அந்தப் பெண் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கட்டிக்கிட்டவரும் அவர்தாங்க."