ஏழு அங்குலம்

“அம்மா பால்கனியில படிச்சிட்டு இருக்காங்க, இப்பப் போகாதீங்க” என்றாள் மகள், தன் போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே.

குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சொல்ல வந்தவர் பாதியில் நின்றார். கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் மனைவி. மடியில் அந்தச் சின்ன டேப், ஏழு அங்குல டேப்லெட். பால்கனி பல்பு பியூஸ் போய் ரொம்ப நாளாகிறது. இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் அவள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. குனிந்த தலை மட்டும் நிழலாகத் தெரிந்தது. குழாயை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார்.

அவளுக்கு, ஃபிரிட்ஜ் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. காலையில் காதில் மாட்டுகிற ஹெட்போனைச் சாயங்காலம்தான் கழற்றுவாள். ஐஸ் கட்டவில்லை, கதவு மூடவில்லை, மெக்கானிக் வரவில்லை என்று ஊரே அவளைத் திட்டும். தான் செய்யாத தப்புக்கெல்லாம் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, மகளின் காலேஜ் பஞ்சாயத்து. நடுவில் அந்த அரை மணி நேரம்தான் டேப்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்கிறவர். வந்த பிறகும் போன் விடாது.

போன மாதம் மனைவிக்குப் பெரிய போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். மகளின் யோசனை அது. டேப்பையும் போனையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினாள்.

“ரெண்டு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லம்மா. இனிமே இந்த ஏழு இன்ச் எதுக்கு? கடையிலயே இந்த சைஸை யாரும் கேக்கறதில்ல.”

அவளும் சரி சரி என்று தலையாட்டினாள். போனில் பேங்க் வேலை பார்த்தாள், அக்காவோடு பேசினாள். ஆனால் சாயங்காலமானால் போனை அலமாரியில் வைத்துவிட்டு, டேப்போடு பால்கனிக்குப் போய்விடுவாள். போனில் படித்தால் கண் வலிக்கிறது என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவருக்கு உள்ளுக்குள் உறுத்தியது. நிதானமாக நாலு வார்த்தை பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. நம்மிடம் இல்லாத எது அதற்குள் இருக்கிறது? சந்தேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தேகத்துக்குப் பக்கத்து வீடு.

மறுநாள் அவருக்கு விடுமுறை, அவளுக்கு இல்லை. டேப்பை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். திரை கறுப்பாகவே இருந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தெருமுனை ரிப்பேர் கடைக்குக் கிளம்பினார். அம்மா படிக்கிறதையெல்லாம் புதுப் போனுக்கு மாற்றித் தரப்போவதாக மகளிடம் சொன்னார். அப்படி என்னதான் படிக்கிறாள் என்று தானும் பார்க்கப்போவதைச் சொல்லவில்லை.

கடைக்காரர் உறையைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

“இது மேடத்தோட டேப்தானே சார்? இதுலேர்ந்து எதை மாத்தறது? உள்ள பேட்டரியே இல்லையே.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரர்தான் விளக்கினார். போன வருஷம் இதன் பேட்டரி உப்பிப்போய் வந்ததாம். வெடித்துத் தொலைக்கப் போகிறது என்று அவரே கழற்றி எடுத்திருக்கிறார். இந்த மாடலுக்கு வேறு பேட்டரி கிடைக்காது, தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய போனாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் பார்த்திருக்கிறார். அவள் கேட்கவில்லை. வெறும் கூட்டை மூடிக் கொடுத்தால் போதும் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

“இத வெச்சு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன் சார். கையில போன் இருந்தா, சும்மாதானே இருக்கேன்னு ஆளாளுக்கு வேலை சொல்றாங்களாம். புக்குன்னா பக்கத்தைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். இது மடியில இருந்தா, படிக்கறேன்னு யாரும் கிட்டயே வர மாட்டாங்கன்னு சொன்னாங்க.”

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த இருட்டில், வெளிச்சமே இல்லாத ஒரு திரைக்கு முன்னால் குனிந்திருந்த தலை கண்முன் வந்தது. தூரத்தில் வரும் வண்டியின் விளக்கைக் கவனி என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிறவர், அதைக் கவனித்திருக்கவில்லை.

போன் அடித்தது. நாளைக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தருவீர்களா என்று பயந்துகொண்டே ஒரு பெண் கேட்டாள். வைத்ததும் ஸ்கூல் முதலாளி, வண்டிச் சாவியை எங்கே வைத்தாய் என்று விசாரித்தார். அதற்கடுத்து மகள், வரும்போது குழாய்க்கு வாஷர் வாங்கிவரச் சொன்னாள். எல்லோருக்கும் பதில் சொல்லி, சரி சரி என்று முடித்தார்.

கடைக்காரர் டேப்பை நன்றாகத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தார். தான் இங்கே வந்தது மேடத்துக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கடைக்காரர் தலையாட்டினார். அவள் வருவதற்குள் இதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

கடைப்படி இறங்கினார். போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப மேலேறி வந்து, மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கேட்காதபடி கடைக்காரர் பக்கம் குனிந்தார்.

“இதே மாதிரி செத்தது இன்னொண்ணு இருக்குமா, எனக்கு?”