பசலைக்குப் பசலை

"பசலை நோயா? அது எப்பவோ பேரை மாத்திக்கினு போயிடுச்சுங்க," என்று சிரித்தார் திருப்பதி டாக்டர். "இப்ப அதுக்கு ரத்தசோகைன்னு பேரு."

கன்னையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நகரிச் சிவன் கோயிலில் பதிகம் ஓதும் அவருக்குப் பழம்பாடல்களும் மனப்பாடம். கல்லூரி முடித்து வீட்டோடு இருக்கத் தொடங்கியது முதல் மகள் கீர்த்திக்கு மேனி வெளிறிற்று, சோறு கசந்தது, வளையல்கள் தாமாகக் கழன்று விழுந்தன. பாட்டில் இத்தனையும் வருவது தலைவனைப் பிரிந்த தலைவிக்கு அல்லவா என்றுதான் அவர் நடுங்கிக் கிடந்தார்.

டாக்டர் சொன்ன மருந்தோ பசலைக்கீரை. பசலைக்குப் பசலை என்று பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் கன்னையா. மறுநாளே காணிப்பாக்கம் சென்று, பொய்ச் சத்தியம் பொறுக்காத அந்தப் பிள்ளையார் முன்னே கற்பூரம் ஏற்றினார்: என் மகளைக் குணமாக்குபவர் யாராயினும், கேட்டதைக் கொடுப்பேன்.

புத்தூரில் ஹேமநாத் என்பவனின் தோட்டத்துக் கீரை உயர்ந்தது என்று சொன்னவள் கீர்த்தியே. அவனும் நாள் தவறாமல் பைக்கில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தான்; அவளே வாசலுக்கு ஓடி வாங்கிக்கொண்டாள்.

ஆடி முடிவதற்குள் வளையல்கள் கையில் இறுகின. கன்னம் பூரித்தது. நல்ல காலம் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும் போலும். கொல்லையில் கன்றுக்குட்டிகூடக் கொழுகொழுவென்று துள்ளியது. கன்னையா பதிகத்தை ஒரு சுருதி ஏற்றிப் பாடினார்.

அந்த உற்சாகத்தில் ஹேமநாத்தை உள்ளே அழைத்து, சத்தியத்தைச் சொல்லி, வேண்டியதைக் கேள் என்றார்.

அவன் தரையைப் பார்த்தான். "கீர்த்தியைக் குடுங்க மாமா."

மறுத்தால் பிள்ளையார் விடமாட்டார். கொடுக்கவோ கன்னையாவுக்கு மனம் வரவில்லை. ஆனால் செய்யுளுக்குப் பொருள் பிரித்துப் பழகிய மூளை, சத்தியத்திலும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டது.

"குணமாக்கினவங்களுக்குத்தாம்பா சத்தியம். அவளைக் குணமாக்கினது கீரை. கொண்டாந்தவனுக்கு இன்னா பாத்தியம்? கீரை வந்து கேக்கட்டும், குடுக்கறேன்."

கன்னையா வெற்றிப் பெருமிதத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கதவோரம் நின்றிருந்த கீர்த்தி மெல்லச் சொன்னாள்:

"கீரையெல்லாம் கன்னுக்குட்டிதான் துன்னுச்சு, நைனா."