கடைசிக் குஞ்சு

மலையுச்சி ஏரியில் விடுவதற்காக, மீன்பிடிச் சங்கத்தார் ஆளுக்கொரு கேன் மீன்குஞ்சுகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். நடை நின்றால் தண்ணீர் தளும்பாது, காற்று கலக்காது. குஞ்சுகளுக்கு மூச்சு முட்டும். பாதி வழியில் பிலோமினாவுக்குக் கால் பிசகியது. பாறையில் உட்கார்ந்து, கேனை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். கை ஓய்ந்துவந்தது. சங்கத் தேர்தலில் அவளிடம் தோற்றதிலிருந்து முகங்கொடுத்துப் பேசாத பெள்ளி, தன் குஞ்சுகளை ஏரியில் விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"கேனைக் குடுங்க, நான் கொண்டுபோறேன்."

"என் குஞ்சுங்கள நானே விடணும்ணே."

"அப்ப அத மாட்டிக்கிட்டு என் முதுகுல ஏறுங்க, தலைவரம்மா."

கரையில் அவள் கேனைச் சாய்த்தாள். எல்லாம் நழுவிப் போயின. ஒன்று மட்டும் தண்ணீருக்குள் ஏந்திய அவள் உள்ளங்கையில் சாய்ந்து கிடந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். அது வாலை ஒருமுறை அசைத்தது.