கிராம்பு மணம்

அவள் மேசை விளிம்பில் இரண்டு விரல்களை வைத்தாள்.

இரண்டு என்றால் கிராம்பு.

பக்கத்தில் ஜெபின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடிக்கொண்டான். இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அவனுக்கு வாசனை போய்விட்டது. திரும்பவே இல்லை. நொதித்தல் படிப்பில் மூக்குப் போனால் எல்லாம் போயிற்று. அவள் விரல்களைப் பார்த்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

ஜெர்மனியில் ஒரு சின்ன பீர் ஆலை. கல்விச் சுற்றுலாவின் கடைசி நாள். ஆய்வகத்தில் ஓராண்டு தங்கிப் படிக்க ஓர் இடம் இருந்தது. எட்டுப் பேரில் மிஞ்சியவர்கள் இவர்கள் இருவரும்.

எதிராளிக்கு விரல் காட்டுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆலையை நடத்தும் அம்மையார் கேட்டது இவ்வளவுதான். என்ன மணக்கிறது? அது எதை நினைவுபடுத்துகிறது?

கிராம்பு, என்றான் ஜெபின்.

அதோடு நிறுத்தவில்லை.

கடைசி மாதம் முழுக்க அப்பா கிராம்பை வாயில் அடக்கியே வைத்திருந்தார் என்றான். வாயில் புற்று. பிள்ளைக்கு நாற்றம் தெரியக்கூடாதாம். முத்தமிட வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்றான்.

அந்த இடத்தில் குரல் உடைந்தது.

அவள் சொன்னபோதும் அங்கேதான் உடைந்தது.

மணமே தெரியாதவனுக்குக் கிராம்பை வேறு எப்படிச் சொல்லித் தருவது. கல்லூரி ஆய்வகத்தில், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் சொன்னாள். அம்மாவிடம்கூடச் சொல்லாதது.

ஜெபினின் அப்பா இன்று காலைதான் நாகர்கோவிலிலிருந்து வீடியோ காலில் வந்தார்.

"மக்ளே, ஸ்வெட்டர் போட்டியாலே? காதுல காத்து கேறாம பாத்துக்கோ. எம்மா, நீயாவது அவன்கிட்ட சொல்லு."

அவள்தான் அவனுக்கு மப்ளரைச் சுற்றிவிட்டாள்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஜெபினின் தோளில் ஒரு கணம் கை வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இவனுக்கு வாசனை தெரியாது.

ஜெபின் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

அவள் கோப்பையை எடுத்து முகர்ந்தாள். அப்பா இவ்வளவு பக்கத்தில் வந்து வெகுநாளாகிறது. இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அம்மையார் பேனாவுடன் காத்திருந்தார்.

"கிராம்பு," என்றாள். "எங்கள் வீட்டில் குருமாவில் போடுவோம்."